மேலே ஒரு சாலை

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை, மலருக்காகச் சற்றுச் சுருக்கி எழுதியது)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, நீ சிவில்காரன். பத்து வருஷத்துக்கு மேல ரோடு போட்டிருக்கே. அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசு" என்றார். "அண்ணே, ஒரு குரங்கைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேசு. ஆனா உன் ஹாஸ்டல் நண்பர்கள் பேரை எல்லாம் மேடையிலே இழுக்காதே" என்றார். இழுக்க மாட்டேன். நான் பேசப்போகும் குரங்கு நம் ஹாஸ்டல்காரர்களைவிட எவ்வளவோ ஒழுங்கானது. மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்லாது. இரவில் கத்தாது. அதற்கு ஒரு தீங்கு செய்தவன் நான். அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

2013-ஆம் ஆண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சாலையை அகலப்படுத்தும் வேலைக்கு என்னை அனுப்பினார்கள். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. ஐந்தரை மீட்டர் தார்ச்சாலையை ஏழு மீட்டர் ஆக்க வேண்டும். இரண்டு பக்கமும் பெர்ம், வடிகால் எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு மீட்டர். வழியில் இரண்டு எஸ்டேட்டுகளுக்கு நடுவே ஒரு சிறு சோலை. அதை ஊடுருவிச் சாலை போகிறது. வெட்ட வேண்டிய மரங்களை எண்ணி, நம்பர் போட்டு, சுற்றளவு அளந்து பட்டியல் எடுப்பது என் பொறுப்பு. மொத்தம் 214 மரங்கள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பட்டியலைப் பார்த்த மேலதிகாரி, "இவ்வளவு சுத்தமா இதுவரைக்கும் யாரும் கொடுத்ததில்லை" என்று பாராட்டினார்.

அந்தச் சோலையில் எஸ்டேட்டிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களோடு சங்கிலி பிடிக்க வந்தார். தினக்கூலி. 73-ஆம் நம்பர் மரத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"சார், இந்த மரத்தை வெட்டிட்டா கருங்குரங்கு எப்படி சார் அந்தப் பக்கம் போகும்?"

நான் எம்-புக்கிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "ரோடுதான் போடுறோமே பெரியவரே, நடந்து போகட்டும்" என்றேன். கூட இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் மரியாதைக்காகச் சிரித்தார்.

அந்த மரத்தின் பெயர் வெடிப்பலா. அந்தக் குரங்கின் பெயர் சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். இந்த இரண்டு பெயரும் அன்று எனக்குத் தெரியாது.

இப்போது அந்தக் குரங்கை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன்.

உடம்பு முழுக்கப் பளபளவென்ற கறுப்பு. கரிய முகத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் பிடரி. வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல ஒரு சிறு குஞ்சம். பிடரியைப் பார்த்துவிட்டு ஆண் என்று முடிவு கட்டாதீர்கள், பெண்ணுக்கும் அது உண்டு. பெரிய உடம்பும் இல்லை. நன்கு வளர்ந்த ஆணே பத்து கிலோவைத் தாண்டாது. 1758-ல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, கிரேக்கப் புராணத்தில் வரும் சைலீனஸ் என்ற கிழவனின் பெயரை வைத்தார். தாடியைப் பார்த்திருப்பார் போலும்.

கோயில் வாசலில் நம் தேங்காய்மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறதே நாட்டுக் குரங்கு, அதற்கு இது நெருங்கிய உறவு. ஆனால் குணம் நேர் எதிர். நாட்டுக் குரங்குக்குக் காடும் ஒன்றுதான், கடைத்தெருவும் ஒன்றுதான். சோலைமந்திக்கு மழைக்காடு மட்டுமே உலகம். அதிலும் தரை அல்ல, மேல்மாடி. மரங்களின் உச்சிக் கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கூரைபோல நிற்கும் இடம் இருக்கிறதே, அங்கேதான் உண்பது, உறங்குவது, குட்டி வளர்ப்பது எல்லாம். கீழே இறங்க முடியாது என்றில்லை. நல்ல காட்டில் அது இறங்குவது அபூர்வம். நாம் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவிக் கல்லூரிக்கு வருவோமா? அதுபோல அதற்குத் தரை வழி இல்லை.

உலகத்தில் வேறு எங்கும் இந்த இனம் இல்லை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருக்கிறது. காடுகளில் மொத்தம் சுமார் 4,000 இருக்கலாம் என்கிறது இன்றைய மதிப்பீடு. நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு நினைத்துப் பாருங்கள். ஓர் இனம் மொத்தமும் அவ்வளவுதான்.

ஏன் இப்படி மழைக்காட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்கலாம். காரணம் வயிறு. அதே காட்டில் நீலகிரிக் கருமந்தி என்று இன்னொரு கறுப்புக் குரங்கு உண்டு. அதற்கு இலை போதும். அதன் வயிறு இலையைச் செரிக்கத் தகுந்தது. சோலைமந்திக்கு இலை மட்டும் போதாது. பழம் வேண்டும், கொட்டை வேண்டும், பூச்சி வேண்டும், நத்தை, தவளை கிடைத்தாலும் சரி. வருஷம் பன்னிரண்டு மாதமும் ஏதாவது ஒரு மரம் பூத்தோ காய்த்தோ இருந்தால்தான் அதன் அடுப்பு எரியும். இலையுதிர் காடு கோடையில் காய்ந்துவிடும். என்றும் பச்சையாக இருக்கிற காட்டில்தான் ஒன்று மாற்றி ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கும்.

அதில் முக்கியமானது நான் 73 என்று நம்பர் போட்ட வெடிப்பலா. துரியான் பழம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் குடும்பம். கிளைகளின் மேலேயே கொத்துக்கொத்தாகப் பூக்கும், முள் நிறைந்த காய் காய்க்கும். பூவையும் தின்னும், காயைப் பிளந்து கொட்டையையும் தின்னும் சோலைமந்தி. ஆனைமலைக் காடுகளில் பல ஆண்டுகள் இருந்து இந்தக் குரங்கை ஆராய்ந்து, 1987-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற அஜித் குமார் போன்றவர்களின் உழைப்பால்தான் இந்த விவரம் எல்லாம் இன்று நமக்குத் தெரிகிறது. அந்தப் பெரியவருக்குப் பட்டம் இல்லாமலே தெரிந்திருந்தது என்பது வேறு விஷயம்.

இனி அதன் குடும்பத்துக்கு வருகிறேன். பத்து முதல் இருபது வரை ஒரு கூட்டம். பெரும்பாலும் வளர்ந்த ஆண் ஒன்றுதான் இருக்கும். மற்றபடி தாய்மார்கள், சகோதரிகள், குட்டிகள். பெண் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருக்கும். ஆண் வளர்ந்ததும் வெளியேறி வேறு கூட்டம் தேடிப் போகும். நம் வீடுகளில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறோம், அங்கே பையனை அனுப்புகிறார்கள். தொல்காப்பியம் மரபியலில் ஆண் குரங்குக்குக் கடுவன் என்றும் பெண் குரங்குக்கு மந்தி என்றும் பெயர் சொல்லியிருக்கிறது. தாய்வழிக் கூட்டமாக வாழும் இந்த இனத்துக்குச் சோலை'மந்தி' என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! கூட்டத்தின் ஆண் அவ்வப்போது 'ஊ... ஊ...' என்று காடு அதிரக் குரல் கொடுக்கும். நாங்கள் இங்கே இருக்கிறோம், நீங்கள் அந்தப் பக்கமே இருங்கள் என்று அடுத்த கூட்டத்துக்குச் சொல்லும் அறிவிப்பு அது. இப்படிக் குரலிலேயே பல தகராறுகள் தீர்ந்துவிடுகின்றன.

இதில் இரண்டு கணக்கைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பெண் முதல் குட்டியைப் பெறுவதற்கே சுமார் ஆறு வயது தாண்ட வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் சுமார் இரண்டரை வருஷம் இடைவெளி. ஒரு தடவைக்கு ஒரே குட்டி. இரண்டு, ஆண் இடம் மாறிப் போனால்தான் கூட்டத்துக்குப் புது ரத்தம் கிடைக்கும். போக வழி இல்லையென்றால் சோலை ஒவ்வொன்றும் ஒரு தீவு.

மறுபடியும் என் கதைக்கு வருகிறேன். 2016-ல் அந்தச் சாலைக்கு மறுபடி போனேன். கான்டிராக்டரின் பராமரிப்புக் காலம் முடிகிறது, குறை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சொல்ல வெட்கமில்லை, அருமையான ரோடு. ஒரு குழி இல்லை, ஒரு விரிசல் இல்லை, வடிகாலில் தண்ணீர் நிற்கவில்லை. வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. நல்ல ரோடு என்றால் வேகம் வரத்தானே செய்யும்?

சோலைக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். காலை ஒன்பது மணி இருக்கும். வலதுபுறச் சரிவிலிருந்து ஒரு கறுப்பு உருவம் இறங்கி வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் வயிற்றில் குட்டியோடு ஒரு தாய். ரோட்டோரம் வந்து நின்று இரண்டு பக்கமும் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக என் ஏழு மீட்டர் தாரின் மேல் நடந்து போயின.

"நடந்து போகட்டும்" என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவை நடந்துகொண்டிருந்தன.

சற்றுத் தள்ளி வளைவில் வடிகால் ஓரம் ஒன்று கிடந்தது. பெண். முந்தின நாள் இரவு ஏதோ வண்டி அடித்திருக்கிறது. டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "பாவம் சார், ஒரு குரங்கு" என்றார். ஒன்றுதானா? ஆறு வருஷம் வளர்ந்து, இரண்டரை வருஷத்துக்கு ஒன்று என்று அது பெற்றிருக்கக்கூடிய குட்டிகள் எத்தனை? எஸ்டிமேட் போடுகிறவன் நான். அந்தக் கணக்கு எனக்குப் போடத் தெரியும். அன்று குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். என் உத்தியோகத்தில் நான் போட்ட கையெழுத்துகளில் இன்றுவரை உறுத்துவது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இந்தக் குரங்குக்கும் நம் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது என்று தெரிந்தது.

சைலன்ட் வேலி என்ற பெயர் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கேரளத்தில் குந்திப்புழா ஆற்றின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்க 1970-களில் திட்டம் போட்டார்கள். சுமார் 830 ஹெக்டேர் காடு மூழ்கும். இவ்வளவு பெரிய மலையில் இது ஒரு சிறு பங்குதானே என்பது திட்டத்தை ஆதரித்தவர்களின் வாதம். மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, மலபார் பகுதிக்கு அது உண்மையாகவே தேவையாக இருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு சோலைமந்தியின் முக்கியமான வீடு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், கவிஞர் சுகதகுமாரி, பறவை அறிஞர் சாலிம் அலி என்று பலர் குரல் கொடுத்தார்கள். இந்தக் குரங்கின் முகமே அந்தப் போராட்டத்தின் சின்னமாயிற்று. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. நம் பக்கமும் சும்மா இல்லை. இந்தக் குரங்குக்காகவே 1976-ல் திருநெல்வேலிச் சீமையில் களக்காடு சரணாலயம் வந்தது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. நாம் பரப்பைக் கணக்குப் பார்க்கிறோம். எத்தனை ஹெக்டேர் போகிறது, எத்தனை மரம் போகிறது, பதிலுக்கு எத்தனை நட வேண்டும் என்று பார்க்கிறோம். குரங்கு தொடர்ச்சியைக் கணக்குப் பார்க்கிறது. என் பட்டியலில் 214 மரங்கள். அதில் 200 போனாலும் அது ஒருவேளை சமாளித்திருக்கும். சாலைக்கு மேலே இரண்டு பக்கத்துக் கிளையும் கைகோத்து நின்ற நாலைந்து மரங்கள் போனதைத்தான் அதனால் சமாளிக்க முடியவில்லை. அந்த நாலைந்து மரம் அதற்கு மேம்பாலம். நான் கீழே ஒரு சாலை போட்டு, மேலே இருந்த சாலையை உடைத்துவிட்டேன். எம்-புக்கில் அதற்குப் பத்தி கிடையாது.

இந்தச் சிக்கலுக்கு வழி உண்டா? வால்பாறைக்குப் போய்ப் பாருங்கள். ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி, பெரும்பகுதி தேயிலை. நடுநடுவே திட்டுத் திட்டாகச் சோலைகள். அதில் புதுத்தோட்டம் என்ற ஒன்று, சுமார் 92 ஹெக்டேர்தான். அந்தச் சின்ன இடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சோலைமந்திகள்! இடம் போதாமல் கீழே இறங்கப் பழகிவிட்டன. ரோட்டைக் கடக்கின்றன, வீட்டுக் கூரை ஏறுகின்றன, சமையலறைக்குள்ளும் எட்டிப் பார்க்கின்றன. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பினர் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டினார்கள். எதைக்கொண்டு என்று நினைக்கிறீர்கள்? தீயணைப்பு வண்டியில் இருக்குமே, அந்தக் குழாய்! குரங்குகள் அதில் ஏறிப் போகின்றன. கடக்கும் நேரத்தில் வண்டிகளை நிறுத்தக் காவலுக்கு ஆளும் வைத்தார்கள். சிதைந்த சோலைகளில் காட்டு மரக் கன்றுகளையும் நட்டுவருகிறார்கள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் என்னோடு படித்த இரண்டு பேரும் 2019-ல் உட்கார்ந்தோம். ஒருவன் ஸ்ட்ரக்சுரல், ஒருவன் மெக்கானிக்கல். மூன்று பேரும் கல்லூரியில் சேர்ந்து செய்த புராஜெக்ட் எது என்று இங்கிருக்கும் பேராசிரியரைக் கேட்டால் சிரிப்பார். இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தோம். காற்று எவ்வளவு, மழையில் குழாய் நனைந்தால் எடை எவ்வளவு, மரம் ஆடும்போது கயிறு எவ்வளவு இழுக்கும், அடியில் லாரி போக எவ்வளவு உயரம் விட வேண்டும் என்று கணக்குப் போட்டு, வனத்துறையின் அனுமதி வாங்கி, அந்தச் சோலையில் ஒரு பாலம் கட்டினோம். சங்கிலி பிடித்த அதே பெரியவர் எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்கு என்று காட்டினார். நான் இந்த முறை அண்ணாந்து பார்த்தேன்.

மூன்று மாதம் ஒரு குரங்கும் அதைத் தொடவில்லை. மலை அணில் மட்டும் போய் வந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "அணிலுக்கு ஒரு அணை" என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். நாலாவது மாதம் ஒருநாள் சாயங்காலம் பெரியவர் போன் செய்தார்.

"சார், போயிடுச்சு சார்."

"என்ன ஐயா போயிடுச்சு?" என்று பதறிவிட்டேன். பாலம் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பயப்படாதீங்க சார். ஒரு கடுவன். எளசு. பாலத்து மேல அந்தப் பக்கம் போயிடுச்சு. திரும்பியே பாக்கல."

கூட்டத்தை விட்டு வேறு கூட்டம் தேடிப் போகிற வயசு என்று புரிந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த அப்பனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

இதோடு கதை சுபம் என்று சொல்லி நான் உட்கார்ந்தால் பொய் சொன்னவன் ஆவேன். இன்றும் அந்தக் கூட்டத்தில் பாதி ரோட்டில் இறங்கித்தான் போகிறது. ஒரு குழாய்ப் பாலம் வெடிப்பலா ஆகாது. அது பூக்காது, காய்க்காது. நாங்கள் இரண்டு பக்கமும் நட்டிருக்கும் கன்றுகள் இப்போது என் இடுப்பு உயரம். அவை மேலே கைகோத்து நிற்பதைப் பார்க்க என் ஆயுசு போதுமா என்பது சந்தேகம்தான்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு நீங்களும் ரோடு போடுவீர்கள், மின்கம்பி இழுப்பீர்கள், அணை கட்டுவீர்கள். வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மலைவாசிக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக ரோடு வேண்டும். ஆனால் மரத்துக்கு நம்பர் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். சங்கிலி பிடிக்கிற பெரியவர் ஒரு கேள்வி கேட்டால், எம்-புக்கை மூடி வைத்துவிட்டு அதைக் காதில் வாங்குங்கள். டிராயிங் மேசையில் நாலு மரத்தைத் தப்பவைக்க ஒரு கோடு தள்ளிப் போட்டால் போதும். வெட்டின பிறகு நாற்பது வருஷம் ஆகும்.

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. குடும்பத்தோடு வால்பாறை டூர் போனால், குரங்கு அழகாக இருக்கிறதே என்று சிப்ஸ் பாக்கெட்டை நீட்டாதீர்கள். ஒரு பாக்கெட் சிப்ஸ் அதை ரோட்டுக்கு இறக்கிவிடும். சோலை ஓரத்தில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். அண்ணாந்து பாருங்கள். கறுப்பு முகமும் வெள்ளிப் பிடரியுமாக ஒன்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.